டொ. நாகரத்தினத்தின் கடைசிக் கேள்வி

அயர்லாந்திலிருந்து விரட்டப்பட்ட பாம்புகள் திண்டுக்கல்லில், ஓர் எவர்சில்வர் கடை மாடியிலிருந்த டுட்டோரியலில் இங்கிலீஷ் படித்துவந்தன. மூத்தோர் வகுப்பு என்று பெயர். வயது வரம்பு கிடையாது என்று போர்டிலேயே எழுதியிருந்ததால், ஆயிரத்து ஐந்நூறு வயதாகிவிட்டது என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. வகுப்புக்கு வருகிறவர்கள் சட்டையை வாசலில் உரித்து வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். படிக்கட்டு வழுக்குகிறது என்று கடைக்காரர் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அமலோற்பவம் டீச்சர் அங்கே நடத்தியது ஒரே பாடம். ஒரு துறவி கோலை உயர்த்தித் தீவிலிருந்த பாம்புகளையெல்லாம் கடலுக்குள் விரட்டினார். அதற்காக வருஷாவருஷம் மார்ச் மாதத்தில் மக்கள் பச்சை உடுத்தி விழா எடுக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுக் கீழேயுள்ள கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாக எழுதுகிறவர் ஊர் திரும்பலாம். தீவுக்காரர்கள் வைத்த நிபந்தனை அது.

மார்ச்சில் பச்சை போடாமல் வருகிறவரைக் கிள்ள வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்தது. பச்சைப்பாம்புகள் சிரமமில்லாமல் தப்பித்துக்கொண்டன. மற்றவர்களை அமலோற்பவம், கழுத்து எங்கே முடிகிறது என்று உத்தேசமாகப் பார்த்து, வலிக்காமல் கிள்ளுவாள்.

வருஷம் போகப் போக வகுப்பு மெலிந்தது. பலபேர் சிறுமலை அடிவாரத்தில் புற்று பார்த்துக் குடியேறிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் பழகிவிட்டது. அயர்லாந்து எந்தப் பக்கம் என்று கேட்டன. டொ. நாகரத்தினம் மட்டும் விடவில்லை. பெயரை யார் வைத்தார்களோ, இனிஷியலை அவரே வைத்துக்கொண்டார். டொனகால் அவருடைய சொந்த ஊர். அப்பா பெயரைப் போடச் சொன்னால், "அப்பா கடல்லயே போயிட்டாரு டீச்சரம்மா. ஊருதான் இன்னும் இருக்கு" என்பார்.

அவரைக் கவிழ்த்தது கடைசிக் கேள்வி. 'இந்த நாளை நீங்கள் எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?' மற்றதையெல்லாம் வாலை மையில் தொட்டு முத்து முத்தாக எழுதுவார். அந்த இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவிடுவார். எழுதாத இடத்துக்கு மார்க் போட அமலோற்பவத்துக்கு மனசு இருந்தது, வழிதான் இல்லை.

இந்த வருஷம் புதுப் பாடப்புத்தகம் வந்தது. அதில் விழா இருந்தது, பச்சை இருந்தது, கிள்ளுவதுகூட இருந்தது. பாம்புகளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: அந்தத் தீவில் பாம்புகள் ஒருபோதும் இருந்ததில்லை. ஏப்ரலிலிருந்து அதுதான் பாடம். ஒருபோதும் இல்லாதவர்களைத் திரும்ப வரச் சொல்லும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அமலோற்பவம் பரீட்சைக்கு முன்னால் நாகரத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். அவர் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இலக்கணம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ஐயா, இதுதான் கடைசி அட்டெம்ப்ட். குடும்பத்தோட சந்தோஷமாக் கொண்டாடுறோம்னு ஒரு வரி எழுதிருங்க. கைடுல அப்படித்தான் போட்டிருக்கு."

"எழுதிரலாம் டீச்சரம்மா. எழுதிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள போறது?"

அந்த வருஷத்துக்கு உண்டான கிள்ளலைக் கிள்ளி, அவரைப் பரீட்சைக்கு அனுப்பினாள்.

மற்றவர்கள் எழுதி முடித்துச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். நாகரத்தினம் கடைசிக் கேள்வியின் முன்னால் சுருண்டு படுத்துவிட்டார். பெல் அடிக்கப்போகிற நேரத்தில் வால் அசைந்தது. அமலோற்பவம் தாளை வாங்கிப் படித்தாள்.

'இந்த நாளில் நாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம். நாங்கள் போகாவிட்டால் விழாவே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறோம்.'

முழு மார்க் போட்டாள். இரக்கப்பட்டுப் போட்டதல்ல. எப்படிக் கொண்டாடுகிறீர்கள் என்று கேட்டிருந்தது, அவர் எழுதியிருந்தார். சிவப்பு மை காய்வதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவர் கிளம்பினார். வாசலிலிருந்த சட்டையை எடுக்கவில்லை. அங்கே குளிருமே, போட்டுக்கொண்டு போங்கள் என்றாள் அமலோற்பவம்.

"ஊர்ல ஒண்ணு இருக்கு டீச்சரம்மா" என்றார்.

மாதக் கடைசியில் ஒரு பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு மாடியேறி வந்தார். அங்கியிலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது. செருப்பை, வாசலில் கிடந்த நாகரத்தினத்தின் சட்டைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, அவருடைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"நாகரத்தினம் நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாரா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"சேந்துட்டாரும்மா. கரையில எனக்கு எதிர்க்க வந்து நின்னாரு. கோலைத் தூக்கப் பாத்தேன், கை எழும்பல. அங்க ஒண்ணு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சரி, அவரு இருக்கட்டும்னு நான் கடல்ல எறங்கிட்டேன்."

அமலோற்பவம் வருகைப் பதிவேட்டைத் திறந்து இனிஷியல் கேட்டாள். ஊர்ப் பெயரைப் போடலாமா என்று விசாரித்துக்கொண்டு, "டொ" என்றார் அவர். எழுதிக்கொண்டாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். அங்கி நீல நிறமாக இருந்தது. மார்ச் இன்னும் முடியவில்லை. பெரியவர் கையை நீட்டினார். அவள் கிள்ளினாள்.