கைகள் கடைசியில்

இன்ஸ்பெக்டர் ஒதுங்கி வழிவிட்டதும், படக்காரி வாசலில் நின்றபடியே முதல் படத்தை எடுத்தாள். பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. மாடிப்படியின் அடியில் கிடந்தவர் எழுந்து, "இன்னும் ஒரு அடி பின்னால போம்மா" என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் மனைவிக்குத் தோன்றியது.

முப்பது வருடம் போலீசுக்குப் படம் எடுத்த மனிதர். வீட்டில் தட்டு உடைந்தால்கூட, "யாரும் எதையும் தொடாதீங்க" என்று அதட்டி, ஒரு படம் எடுத்த பிறகுதான் துடைப்பத்தைத் தேடுவார். அவரோடு குடும்பம் நடத்தியதில் அவளுக்கும் வரிசை மனப்பாடம். முதலில் வாசலிலிருந்து அறை. பிறகு சுவரோரமாக ஒரு சுற்று. பிறகு உடல். கடைசியில், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் கையும். "மூஞ்சி ஒத்திகை பார்த்துட்டு வரும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பார்.

இத்தனையும் தெரிந்தவள்தான் தொட்டுவிட்டாள்.

கடையிலிருந்து திரும்பியபோது அவர் இப்படித்தான் கிடந்தார். மூச்சில்லை. விரல்களுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பொத்தான், நட்சத்திரம் புடைத்தது. மகன் வங்கியில் காவலாளி. அவன் கோட்டில் அப்படி ஐந்து உண்டு. ஐந்தையும் போன வாரம்தான் அவள் இரட்டை நூலில் இறுக்கித் தைத்துக் கொடுத்தாள். சும்மா உதிர்கிற பொத்தான் இல்லை அது. வாய் அலறுவதற்கு முன்பே கை அதை எடுத்து மூடிக்கொண்டது. அப்போது மூடிய கையை அவள் இன்னும் திறக்கவில்லை.

"கடைசியா எப்ப தம்பி அப்பாவைப் பார்த்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் மகனிடம் கேட்டார்.

"நேத்து சாயங்காலம் சார். இன்னிக்கு அவர் எழுந்திருக்கிறதுக்குள்ள டூட்டிக்குப் போயிட்டேன். அம்மா போன் பண்ணித்தான் ஓடி வந்தேன்."

கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தான். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது அப்பனும் பிள்ளையும் மாடியில் கத்திக்கொண்டிருந்தார்கள். தெருமுனை வரை கேட்டது. தள்ளிவிட்டானா? இல்லை, விழுந்தவரைப் பிடிக்கப் போனானா? கேட்டால் சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

படக்காரி உடலருகே குந்தினாள். அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிசகாமல் அவர் வரிசையிலேயே போய்க்கொண்டிருந்தாள். நெற்றி. கழுத்து. விரல்கள். ஒவ்வொரு வெளிச்சத்தையும் மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள். இனி இரண்டு படம்தான் பாக்கி. ஒன்று.

மனைவி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. அதற்குள்ளேயே பொத்தானை வாய்க்குள் தள்ளி நாக்குக்கு அடியில் ஒதுக்கினாள். பித்தளை கசந்தது.

"அக்கா," படக்காரி எதிரே வந்து நின்றாள். "தப்பா நினைக்காதீங்க. சார் இருந்தாலும் இதைத்தான் செய்வார். கையைக் கொஞ்சம் காட்டுங்க."

புறங்கையை நீட்டினாள். வெளிச்சம்.

"திருப்புங்க."

இடது உள்ளங்கை சுத்தமாக இருந்தது. வலதை விரித்த பிறகுதான் அவளே பார்த்தாள். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குள், ஐந்து முனையும் பிசிறில்லாமல், ஒரு நட்சத்திரம்.

படக்காரி கேமராவைத் தாழ்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகன், மடியிலிருந்த கோட்டை மெதுவாக மறுபக்கம் புரட்டி வைத்தான்.

படக்காரி பையிலிருந்து வெள்ளை அளவுகோலை எடுத்தாள். தேய்ந்த ஓரம், கீழே கிடந்தவருடையதுதான். அதை அந்தச் சிவப்பு வட்டத்தை ஒட்டி, உள்ளங்கையில் நேராக வைத்தாள்.

"ஆடாம வெச்சுக்கோங்க அக்கா," என்றாள்.

அவள் ஆடாமல் வைத்துக்கொண்டாள்.