கலையாத அணிவகுப்பு

காவலர் பயிற்சிப் பள்ளி மைதானத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ‘அட்டென்ஷன்’ சொல்லி நிறுத்தப்பட்ட அறுபது இளைஞர்கள், இருபத்து நான்கு ஆண்டுகள் அப்படியே நின்றார்கள். நிறுத்தியவர் பயிற்சி ஆசிரியர். அவர் வாயைத் திறந்தால் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவன்கூடக் காலை ஊன்றி நின்றுவிடுவான் என்பதால் இடி மாஸ்டர் என்று பெயர். அன்று பார்த்துத் தலைமையகத்திலிருந்து ஜீப் வந்தது. அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். முதல் குழுவில் மாஸ்டருக்கு இடம் கிடைத்திருந்தது. உடனே கிளம்ப வேண்டும் என்றதும் தலைகால் புரியாமல் ஏறிப் போய்விட்டார். அணியைக் கலைக்கவும் இல்லை, சல்யூட் அடித்து இன்னொருவரிடம் ஒப்படைக்கவும் இல்லை. நிறுத்தியவர்தான் கலைக்க வேண்டும், இல்லையென்றால் முறையாக ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அந்த மைதானத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான்.

மதியம் வரை யாரும் கவலைப்படவில்லை. சாப்பாட்டு மணி அடித்தும் ஆள் வராததால் சமையல்காரர் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு பள்ளியின் தலைவர் வந்து ‘டிஸ்மிஸ்’ என்று கத்தினார். மறுநாள் கமிஷனர் கத்தினார், அடுத்த வாரம் மந்திரியே வந்து கத்தினார், ஓர் இமை அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒருவனைத் தூக்கப் போய், இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நின்றவர்களுக்கு மூச்சு இருந்தது, தொட்டால் உடம்பு சூடாக இருந்தது. பசி இல்லை, தாடி வளரவில்லை, வயதும் ஏறவில்லை. மழையில் நனைந்தார்கள், வெயிலில் காய்ந்தார்கள். இரண்டாம் ஆண்டில் துறை இதற்கு ‘நீடித்த நிலைப் பயிற்சி’ என்று பெயர் வைத்து, வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து வந்து காட்டத் தொடங்கியது. விருந்தினர்களும் ஒழுக்கம் என்றால் இதுதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். புதிதாகச் சேருகிறவர்களில் தாமதமாக எழுந்தவனுக்கு, அந்த அறுபது ஜோடி பூட்ஸுக்கும் பாலிஷ் போடுவது தண்டனை ஆயிற்று.

இடி மாஸ்டர் போன இடத்தில் நல்ல பெயர் வாங்கினார், மேலே மேலே போனார். அது யார் நிறுத்திய அணி என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மேலதிகாரியைப் பார்த்து ‘ஐயா, நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும் பழக்கம் அந்தத் துறையில் கிடையாது. அவர் ஒவ்வொரு படியாக ஏற ஏற, சொல்லக்கூடிய ஆள் இன்னும் கொஞ்சம் கீழே போய்க்கொண்டிருந்தார். கடைசியில் அவர் நாடு முழுவதற்கும் பயிற்சித் துறைத் தலைவராகி, பெரிய ஐயா ஆனார். எல்லாப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஆய்வுக்குப் போனார், இந்த ஒன்றைத் தவிர.

மூன்றாவது வரிசையில் நின்ற ஒருவனுக்கு, அணி நின்ற அன்று, பத்து வயதில் ஒரு தங்கை இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, மகனின் முகத்தை ஈரத்துண்டால் துடைப்பாள், காதுக்குப் பின்னால் படிந்த தூசியைக்கூட விடமாட்டாள். தங்கை பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பாள். கணக்கு டீச்சர் சரியில்லை, பல் விழுந்துவிட்டது, எதிர்வீட்டில் நாய் வாங்கிவிட்டார்கள் என்று வாய் ஓயாது. அவள் வளர்ந்தாள். தானே ஓடியாடிப் படித்து அதிகாரியாகக் காவல்துறையில் சேர்ந்தாள். சேவை செய்யும் ஆர்வம் என்று நேர்காணலில் சொன்னாள். உண்மையில், வாசல் காவலரிடம் கெஞ்சாமல் அண்ணனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆர்வம். அண்ணனின் இருபது வயதை அவள் தாண்டிய அன்று மட்டும் மைதானத்துக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அழுதாள். பிற்பாடு அதே பள்ளிக்குக் கண்காணிப்பாளராக வந்தபோது, மைதானம் தெரிகிற ஜன்னல் பக்கம் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அவள் வந்ததும் முதலில் கேட்டது கட்டடம்தான். பெண் காவலர் விடுதியில் எண்பது பேருக்கு இரண்டே கழிப்பறைகள். வகுப்பறைக் கூரை ஒழுகியது. சுடும் பயிற்சிக்குக் காலியாகக் கிடந்த செங்கல் சூளைக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நேரத்தில் எல்லாம் மொத்தமாக வந்தது. புதிய விடுதி, ஓய்வறைகள், சுடுதளம், அதோடு தலைமைப் பண்பு மண்டபம் ஒன்று. மண்டபத்துக்கு மைதானத்தை ஒதுக்கியிருந்தார்கள். பள்ளமான நிலம் என்பதால் ஆள் உயரத்துக்கு மேல் மண் கொட்டிக் கான்கிரீட் போட வேண்டும்.

“நிக்கிறவங்கள என்ன பண்றதுன்னு கேட்டேன் மேடம்,” என்றார் பொறியாளர், அவள் முகத்தைப் பார்க்காமல். “அப்படியே உள்ள இருக்கட்டும், அஸ்திவாரத்துக்குப் பலம்தான்னு மேல சொல்லிட்டாங்க.”

அன்றே அவள் தலைமையகத்துக்குப் போனாள். பெரிய ஐயாவின் அறையில் சத்தமே இல்லை. பல ஆண்டுகளாகக் கையைக் காட்டியே வேலை வாங்கியதில் அவர் குரல் மெலிந்து, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும் என்ற நிலைக்கு வந்திருந்தது.

“ஐயா, மைதானத்துல அந்த அணி...”

“எந்த அணி?” என்றார்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“பொண்ணுங்களுக்கு பாத்ரூம் இல்லன்னு நீதானம்மா உயிரை வாங்கின? இப்ப வந்துருக்கு. ஒண்ண மட்டும் வேணாம்னு சொன்னா மொத்தமும் போயிடும். போய் வேலையப் பாரு.”

மேசையிலிருந்த மண்டப வரைபடத்தை அவர் குப்புறத் திருப்பி வைத்தார். மறந்தவர் அதைத் திருப்பி வைக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது லாரிகள் வந்துவிட்டிருந்தன. வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டதைப் போல ஒரு லாரி மண்ணை முன்வரிசையில் இறக்கியிருந்தார்கள், பூட்ஸ்கள் புதைந்துவிட்டன. வீட்டில் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, “மண்ணு எதுவரைக்கும் வரும்?” என்று மட்டும் கேட்டாள். தங்கை சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு மந்திரி வருவதால் பெரிய ஐயாவாலும் வராமல் தப்ப முடியவில்லை. மேடையில் அறுபது பேருக்கு முதுகு காட்டுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். வரவேற்பு அணிக்குத் தங்கைதான் தளபதி. புதியவர்களை நிறுத்திவிட்டு, மேடைக்கு முன்னால் வந்து அறிக்கை சொல்ல வேண்டியவள், மேடையையே சுற்றிக்கொண்டு பின்னால் போய், மண்ணில் நின்றவர்களின் முன்னால் நின்றாள். பெரிய ஐயா திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் சல்யூட் அடித்தாள்.

“ஐயா, அறுபது பேர் அணி ஆஜர். நீங்க நிறுத்துன அணி. கலைக்கணுங்கய்யா.”

மேடை மைக் அதை அப்படியே ஊருக்குச் சொன்னது. மேலதிகாரி பதில் சல்யூட் அடிக்கும்வரை கீழே இருப்பவர் கையை இறக்கக் கூடாது. அவள் இறக்கவில்லை. ‘அனுமதி இல்லை’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் மண்ணுக்குள் போவான், அவள் வேலையும் போகும். லாரிகள் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தன. மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குத் தோள்பட்டை எரிந்தது, பிறகு விரல்கள் மரத்தன. தனக்கும் ஒரு கட்டளை வந்துவிட்டதோ, இனி தானும் இப்படியே நிற்க வேண்டியதுதானோ என்று உண்மையாகவே பயந்தாள்.

பெரிய ஐயா மேடையை விட்டு இறங்கி வந்தார். அவளுக்குப் பதில் சல்யூட் அடித்தார். அணியின் முன்னால் நின்று ‘டிஸ்மிஸ்’ என்றார். அந்தக் குரல் முன்வரிசைக்கே கேட்டிருக்காது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னார், இருமல்தான் வந்தது. மேடையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அறுபது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“மறக்கல பசங்களா,” என்றார். “ஒப்படைக்காம போயிட்டேன்னு ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு.”

பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. மந்திரியின் கையிலிருந்த சிமென்ட் கரண்டி கீழே விழுந்தது, லாரி ஓட்டுநர்கள் தாங்களாகவே இன்ஜினை அணைத்தார்கள். அறுபது பேரும் வலப்பக்கம் திரும்பி, சல்யூட் அடித்து, கலைந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் மண்ணிலிருந்து காலை உருவிக்கொண்டு வந்தார்கள். எவனோ ஒருவன் தன் பூட்ஸுக்கு மட்டும் யாரும் ஒழுங்காகப் பாலிஷ் போட்டதில்லை என்று புலம்பிக்கொண்டே போனான்.

மூன்றாவது வரிசைக்காரன் அவள் முன்னால் வந்து விறைப்பாக நின்றான். “மேடம்,” என்றான். அதற்குமேல் அவனால் விறைப்பைக் காக்க முடியவில்லை. “நீ பேசினது எல்லாத்தையும் கேட்டுட்டுதான் பாப்பா இருந்தேன். திரும்பிப் பாக்க ஆர்டர் இல்ல.”

பெரிய ஐயாவின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முழுச் சீருடையில், அத்தனை பேர் முன்னிலையில் அவள் தேம்பி அழுதாள். அதற்காக ஒரு விளக்கம் கேட்டுத் தலைமையகத்திலிருந்து எழுதினார்கள். அவள் பதில் எழுதவில்லை. கழிப்பறைகள் முதலில் கட்டப்பட்டன, மண்டபம் செங்கல் சூளைப் பக்கம் போயிற்று. பெரிய ஐயா பதவியை விட்டுவிட்டு, தினமும் காலையில் மைதானத்துக்கு வந்து புதியவர்களுக்கு அணி ஒப்படைக்கும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தார். அறுபது பேரும் மீதிப் பயிற்சியை முடித்து வேலைக்குப் போனார்கள். அண்ணன் சீருடையில் அவளை மேடம் என்றான், வீட்டில் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறாய் என்று அதட்டினான். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, தம்பியா என்று கேட்டாள். “இல்ல, மூத்தவன்,” என்றாள் அம்மா. வந்தவள் அண்ணன் தங்கை இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இங்கே குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று விசாரித்தாள்.