அக்கா சரிபார்த்த பட்டை

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன். வரிசை தவறினால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேனோ என்று சந்தேகம்.

மலையேற்ற வழிகாட்டிப் பயிற்சியின் கடைசி மாலை. ஒன்பது பேருக்கு இருப்பது ஒரே வேலை. காலைவரை மதிப்பெண் பட்டியலில் கேண்டீன் அக்கா 91, நான் 88. அக்கா நடத்திவந்த கேண்டீனை இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பகலில் மருந்துக்கடை இருக்கிறது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தேர்வு, பழைய கிடங்கின் ஏறுசுவரில். ஏறுகிறவர் இடுப்புப் பட்டையைக் கட்ட வேண்டும். ஜோடி அதைச் சரிபார்க்க வேண்டும்; எனக்கு ஜோடி அக்கா. பட்டையின் நுனியைக் கொக்கிக்குள் விட்டு, திருப்பி இன்னொரு முறை விட வேண்டும். திருப்பாவிட்டால் ஆள் தொங்கும்போது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பயிற்சியாளர் (நாங்கள் வைத்த பெயர் விசில்) முதல் நாளே சொல்லியிருந்தார்: "கட்டுறவன் தப்பு பண்ணுவான், அதுக்கு அஞ்சு மார்க் போகும். பாக்குறவன் தப்பு பண்ணா வீட்டுக்குப் போகலாம். கால் தரையில இருக்கும்போதே யாராவது 'நிறுத்து'ன்னு சொல்லிட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் போகாது."

கட்டும்போது குறுக்கே பேசுவது அவர் வழக்கம். எனக்கும் அதைத்தான் செய்தார்.

"மருந்துக்கட, பாம்பு கடிச்சா மொதல்ல என்ன பண்ணுவ?"

"அசையாம படுக்க வைப்பேன் சார். கட்டுப் போட மாட்டேன், கீறவும் மாட்டேன்" என்றேன். பதில் சரி. ஆனால் நுனியைத் திருப்ப மறந்துபோனேன்.

அக்கா கயிற்று முடிச்சைப் பார்த்தாள், கயிறு மாட்டிய வளையத்தைத் திருகிப் பார்த்தாள், பட்டையை வெடுக்கென்று இழுத்தாள். இழுக்கும்போது அவள் கண் விசிலின் கையிலிருந்த மார்க் தாளில் இருந்தது.

"சரியா இருக்கு. ஏறு கண்ணு."

அப்போதுதான் குனிந்தேன். நுனி ஒரே மடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே பார்த்தேனா? மூன்று முறை யோசித்துவிட்டேன். பார்த்தேன். என் இரண்டு காலும் தரையில்தான் இருந்தன. விசிலும் பார்த்துவிட்டார், உதட்டில் விசில் தயாராக இருந்தது. எனக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போட ஒரு மூச்சு நேரம் போதுமாக இருந்தது.

ஏறினேன்.

முழங்கால் உயரம்கூடப் போயிருக்க மாட்டேன், விசில் ஊதிவிட்டார்.

"இந்தப் பட்டைய யாரு பாத்தது?"

"நான்தான் சார்."

"டீயில சக்கர மறந்தா அப்புறம் போட்டுக்கலாம்க்கா. இங்க என்ன பண்ணுவீங்க? ஆள அள்ளிட்டு வருவீங்களா?"

பின்னாலிருந்து ஒருவன், "ஃபிளாஸ்க்ல அள்ளுவாங்க சார்" என்றான். சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

விசில் என்னைப் பார்த்தார். "நீ கவனிக்கல?"

"இல்ல சார்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. என் பெயருக்கு நேரே 83 என்று திருத்தினார். அக்காவின் பெயரை அடித்தார். எனக்கு அடுத்தவனுக்கு 79.

உடை மாற்றும் அறையில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேல போனா போகுது. உன்னக் கொல்லப் பாத்தேனே, பாவி. உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஒண்ணும் ஆகலயேக்கா."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு."

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், உண்மையை. அதற்குள் வாய், "மன்னிச்சிட்டேன்க்கா" என்றது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுல சொல்லிடாத, என்ன? பயந்துருவாங்க. அப்புறம் உன்ன வேலைக்கு அனுப்ப மாட்டாங்க."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன்.