ஸ்டியரிங்கில் ஒட்டியது

சித்தையனுக்கு இரண்டு தோளும் தீப்பட்டதுபோல் காந்தின. தினம் நாற்பது மூட்டை வெல்லம் ஏற்றி இறக்குகிற தோள்கள்தான். ஆனால் மூட்டை வைத்த இடத்தில் உட்காரும். அண்ணன் உட்காரவில்லை. மோட்டார் ஷெட்டிலிருந்து மண்டி ஆட்களின் லைன் வீடு வரைக்கும் அண்ணனின் தலை இவன் கழுத்தில் இடித்துக்கொண்டே வந்தது. வீட்டில் இறக்கிப் படுக்க வைத்தபோது மூச்சு இல்லை. வழியில் எந்த இடத்தில் நின்றதென்று சித்தையனுக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது அதே மோட்டாரில், அண்ணன் ஜடையன் ஒன்பது வருஷமாக உட்கார்ந்து ஓட்டிய சீட்டில் முட்டி போட்டு, தேங்காய் நாரால் ஸ்டியரிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில் தகரக் கூரையில் இறங்கியிருந்தது. ஷெட்டுக்குள் ரத்தமும் பெட்ரோலும் மண்டி வெல்லமும் சேர்ந்து நாறின.

"சுருக்கா ஆகட்டும்டா. மூணு மணிக்கு எஸ்.ஐ. வந்துருவாரு," என்றார் மண்டிக் குமாஸ்தா ரத்தினசாமி. மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். "யாரு கேட்டாலும் ஒரே பேச்சு. இங்க ஷெட்டுல வண்டியக் கிளப்ப இரும்பு ஹேண்டில் போட்டுச் சுத்துனான். வண்டி திருப்பி அடிச்சுச்சு. பொட்டுல பட்டுச்சு. அங்கேயே விழுந்துட்டான். எல்லா மோட்டார்லயும் நடக்கறதுதான்."

"அப்ப ஸ்டியரிங்ல ரத்தம் எப்படிங்க வந்துச்சு?"

"அதுக்குத்தானேடா உன்னத் தேய்க்கச் சொல்றது."

சித்தையன் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னான். அண்ணன் பெண்டாட்டி மல்லம்மாதான் அனுப்பினாள். புருஷனின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"தேச்சுப் போட்டு வா, சித்தையா."

"என்ன நங்கையா பேசறே? அடிச்சே கொன்னுருக்கறானுக. அந்த ரத்தம்தான் சாட்சி."

"சாட்சி வெச்சுச் சோறு ஆக்க முடியுமா? தேச்சா வீடு இருக்குது, மண்டியில எனக்கு வேலை இருக்குதுன்னு குமாஸ்தா சொல்றாரு. இல்லாட்டி இன்னைக்கே காலி பண்ணோணுமாம். இந்த ரெண்டு பொட்டப்புள்ளைகளை இழுத்துக்கிட்டு நா எங்க போறது? சொந்த ஊரு ஹனூருல நெலமா கெடக்குது?" வாய்க்கட்டை இறுக்கி முடிந்தாள். "உனக்கு ஆகாதுன்னா சொல்லு. நீ அவுரு பக்கத்துல குந்து. நானே போயித் தொடச்சுட்டு வாறேன்."

அதற்குமேல் அவன் அங்கே நிற்கவில்லை.

ரத்தம் மட்டுமாக இருந்தால் தண்ணீருக்குப் போயிருக்கும். ஸ்டியரிங் சக்கரத்தின் மரத்துக்கு மேலே பூசியிருந்த கறுப்பு மெருகு இளகிப் பிசினாக நின்றது. ரத்தம் அதற்குள் இறங்கிவிட்டது. சீயக்காய்க்கு அசையவில்லை. சாம்பல் போட்டால் சாம்பலும் சேர்ந்து ஒட்டியது. உள்விளிம்பில் விரல் பிடிக்கிற நான்கு பள்ளங்களிலும் அண்ணனுடைய விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. ஒரு இடத்தில் நரை முடி ஒன்று.

"காத்தாலயே பிசுபிசுன்னு இருந்துச்சுடா," என்றார் குமாஸ்தா. சும்மா நிற்க அவருக்கு முடியவில்லை. "இது மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. ஸ்ரீரங்கப்பட்டணத்துல கல்யாண வீட்டு வாசல். நம்ம மொதலாளி சாவுகார், உங்கண்ணன நகருடா நான் ஓட்டறேன்னு உக்காந்தாரு. சம்பந்தி வீட்டாளுங்க அம்பது பேரு பாக்கறாங்க. கை ஒட்டிக்கிச்சு. திருப்ப முடியல. நேரா போய்ப் பந்தக்கால்ல முட்டுனாரு."

சித்தையனின் கை நின்றது.

"இறங்கிக் கைய வேட்டியில தொடச்சாரு பாரு, சரிகை வேட்டி பூரா தாரு. பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க சிரிச்சுட்டாங்க. சாவுகாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. வண்டிய ஆத்தங்கரைக்கு விடுன்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? ஹேண்டில் சீட்டுக்கு அடியிலதானே கெடக்கும்."

"எத்தனை அடிங்க?"

"நான் எண்ணலடா. பின்சீட்ல தாம்பூலத் தட்டப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்." துண்டை உதறி மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டார். "பத்து மைல் அவனேதான் ஓட்டிட்டு வந்தான். கெட்டிக்காரன். ஒரு குழியில எறக்கல. ஷெட்டுக்குள்ள கொண்டாந்து நிறுத்தி, பிரேக் போட்டு, அப்படியே உக்காந்துட்டான்."

சித்தையன் தன் கையிலிருந்த நாரைப் பார்த்தான்.

விடியற்காலையில் ஸ்டியரிங்கைத் துடைத்தது அவன்தான். மோட்டார் ஓடாத நாளில் ஜடையனையும் வெல்லம் சுமக்க விடுவார்கள். அந்தக் கையோடு பிடித்துப் பிடித்துச் சக்கரத்தில் லேசாக வெல்லப் பிசுக்கு ஏறியிருந்தது. "வெந்நித் துணியில தொடச்சு வெய்யிடா, நா மாலை வாங்கிட்டு வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் மார்க்கெட்டுக்குப் போனான். வெந்நீருக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். டின்னில் பெட்ரோல் இருந்தது. அச்சில் பிடித்த பழைய கிரீஸே பெட்ரோலுக்குக் கழன்று வரும், வெல்லம் வராதா என்று துணியை முக்கி அழுத்தித் தேய்த்தான். சக்கரம் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. அண்ணன் வந்து பார்த்து, "பரவால்லையே, மாப்பிள்ளை கணக்கா ஆக்கிட்டே," என்று சிரித்தான். மெருகு உள்ளே கரைந்துகொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் சீட்டிலிருந்து தூக்கும்போது அண்ணனின் உள்ளங்கை சக்கரத்தை விட்டு வர மறுத்தது. இழுத்தபோது தோல் பிய்ந்தது. அந்த வலியில்தான் ஜடையன் கண்ணைத் திறந்தான்.

"என்னத்தடா போட்டுத் தொடச்சே?"

கோபம் இல்லாமல் கேட்டான். தெரிந்துகொள்ள வேண்டுமென்று கேட்டான். சித்தையனுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. "பேசாத வாண்ணா," என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டான்.

இப்போது நாரை எறிந்துவிட்டு மூட்டை கிழிக்கிற கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தான். சுரண்ட ஆரம்பித்தான். கறுப்புச் சுருள்கள் மடியில் விழுந்தன. கை வழுக்கிக் கட்டைவிரல் அறுந்தது. அந்த ரத்தத்தையும் சேர்த்துச் சுரண்டினான். பள்ளங்களுக்குள் கத்தி முனையை விட்டுத் தோண்டினான். விரல் ரேகைகள் போயின. முடி போயிற்று. அடியிலிருந்து வெளுத்த மரம் வந்தது. ஹேண்டிலையும் சீட்டையும் கழுவித் துடைத்து வைத்தபோது எஸ்.ஐ. என்ன, யார் வந்து பார்த்தாலும் காட்ட அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

சாவுகார் வந்தார். குளித்து வேறு வேட்டி கட்டியிருந்தார். வெற்றிலை மென்றுகொண்டே வலது கையை மட்கார்டில் ஊன்றிக் குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏனோ, ஆய்த்தா?"

"ஆச்சுங்க சாமி," என்றார் குமாஸ்தா.

சாவுகார் இடது கையின் ஒரு விரலால் சக்கரத்தைத் தொட்டார். எடுத்தார். விரல் நுனியை முகர்ந்து பார்த்துவிட்டு, சித்தையனின் தோள் துண்டில் அதைத் துடைத்தார்.

"காலையிலேயே இப்படித் துடைத்திருந்தால் இவ்வளவு தொந்தரவு வந்திருக்குமா?" என்று கன்னடத்தில் சொன்னார்.

உண்மைதான். அந்த உண்மையைத்தான் சித்தையனால் தாங்க முடியவில்லை.

ஹேண்டில் காலடியில் இருந்தது. முதல் அடி மட்கார்டில் ஊன்றியிருந்த கையில் விழுந்தது. ஐந்து விரலும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நொறுங்கின. சாவுகார் கையைத் தூக்கிப் பார்த்தார். கத்துவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டாவது அடி முட்டியில். ஆள் மடங்கி விழுந்தார். மூன்றாவது அடி தலைக்கு ஓங்கியது. அதற்குள் பின்னாலிருந்து நாலைந்து கைகள் பிடித்துவிட்டன.

குமாஸ்தா இல்லை, மண்டி ஆட்கள். தினமும் இவனோடு மூட்டை தூக்குகிறவர்கள். மூட்டைக் கொக்கியின் பிடியால் வாயில் அடித்தான் ஒருத்தன். "சாவுகார் செத்தா நாளைக்கு மண்டி தொறப்பாங்களா? உங்கப்பனா எங்களுக்குக் கூலி குடுப்பான்?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான் இன்னொருத்தன். விலா எலும்பு ஒன்று முறிகிற சத்தம் சித்தையனுக்குத் தன் காதிலேயே கேட்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை.

எஸ்.ஐ. மூன்று மணிக்குச் சரியாக வந்தார். மோட்டாரைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறதென்று எழுதிக்கொண்டார். ஹேண்டில் திருப்பி அடித்து டிரைவர் சாவு என்று ஒரு காகிதம். டிரைவரின் தம்பி முதலாளியைக் கொல்லப் பார்த்தான் என்று இன்னொரு காகிதம். ரத்தம் ஈரமாக இருந்த ஹேண்டிலைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் லாக்கப் கம்பிக்கு வெளியே போலீஸ்காரன் கெம்பையன் ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தான். கொள்ளேகாலத்துக்காரன். தமிழ் பேசுவான்.

"வாய் கொப்புளிச்சுட்டுக் குடி. பல்லு முழுங்கிறாத."

சித்தையன் கொப்புளித்தான்.

"உங்கண்ணன எடுத்தாச்சு," என்றான் கெம்பையன். "லைன் வீட்டாளுக நாலு பேருதான். அவனுகளும் பயந்து பயந்து வந்தானுக."

"எங்க நங்கையா?"

"சுடுகாட்டு வழியில பொம்பளைங்க திரும்பற முக்குல உங்கண்ணன் பொண்டாட்டி குந்தியிருந்துச்சு. ரெண்டு புள்ளைக, ரெண்டு சட்டி, ஒரு மூட்டை. நீ அடிச்சதுக்கு வீட்டக் காலி பண்ண வெச்சுட்டாங்க. அங்கிருந்து எங்க போகும்னு தெரியல."

சித்தையன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூச்சு இழுத்தால் விலா குத்தியது.

"பொதைச்சாச்சா?"

"கூடப்பொறந்தவன் ஒருத்தன் மண்ணு போடோணும்னு வெட்டியான் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சான். யாரு இருக்கறா? பொழுது எறங்குதுன்னு அவனே மம்பட்டியில தள்ளி மூடிப்போட்டான்."

கெம்பையன் குவளையை வாங்கிக்கொண்டு போனான்.

சித்தையன் உட்கார்ந்தான். லாக்கப்பின் தரை கெட்டியான காரைத் தரை. நகத்தால் கீறினான். தூசிகூட வரவில்லை. தம்பி கையால் அண்ணனுக்கு விழ வேண்டிய மூன்று பிடி மண் இன்னும் பாக்கி.