ஓமீனுக்கு முன்னால் ஒரு மூச்சு

என் கணவர் தொக்தோசுன் பேசினால் அவருடைய சட்டைக் காலருக்கு மட்டும்தான் கேட்கும். முப்பது வருடமாகத் தேனீ வளர்க்கிறார். பெட்டிக்குப் பக்கத்தில் குரல் உயர்த்தினால் ஈக்கள் கொட்டிவிடுமாம். நான் அங்கே நின்று தினமும் கத்துகிறேன், ஒன்றுகூடக் கொட்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் வாங்கிக் கொடுத்தார்கள், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூத்த மகள் சைராவைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பிய விருந்தில், அப்பாவின் வாழ்த்து என்று இவரைக் கூப்பிட்டார்கள். வாழ்த்தும் வழக்கப்படி உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு அரை நிமிடம் உதட்டை அசைத்தார். விருந்து நடத்துகிறவன், பாவம், இவர் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்துப் பாட்டைப் போட்டுவிட்டான். காரில் ஏறும்போது சைரா அழுதாள். "அத்தா எனக்கு ஒண்ணுமே சொல்லலையேம்மா." அதற்கப்புறம் ஒரு வாரம் இவர் தேனீக்களோடுகூடப் பேசவில்லை.

இப்போது சின்னவள் ஜாங்கிலின் முறை. விருந்துக்குப் பத்தே நாள்.

"உன் அண்ணனைச் சொல்லச் சொல்லிடு, புருல்" என்றார்.

"எங்கண்ணனா பெத்தாரு? நீங்கதான் சொல்லணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத் தயாரா இருங்க."

கைப்பேசியில் குரல் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணொருத்தியைப் பிடித்தேன். முதல் பாடம், வயிற்றால் மூச்சு விடுவது. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஐந்து லிட்டர் தேன் ஜாடியை வைத்தேன். மூச்சு இழுத்தால் ஜாடி ஏற வேண்டும். ஏறியது. அப்புறம் அவர் அப்படியே தூங்கிப்போனார்.

அடுத்தது, பல்லிடுக்கில் ஒரு தக்கையைக் கடித்துக்கொண்டு வாசிப்பது. எங்கள் வீட்டில் தக்கைக்கு எங்கே போவது? காய்ந்த தயிர் உருண்டை குருத் இருந்தது, அதைக் கொடுத்தேன். செய்தித்தாளில் நான்கு வரி வாசிப்பதற்குள் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார். அதுதான் அன்று அவர் தெளிவாகச் சொன்ன ஒரே வாக்கியம்.

உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிடும் பயிற்சியைத் தெருப் பக்கம் நின்று செய்யச் சொன்னது என் புத்தி. குதிரையை நிறுத்துவதற்கு நாங்கள் எழுப்பும் சத்தமும் அதுதானே! பக்கத்து வீட்டு மாம்பெத் குதிரைமேல் சந்தைக்குப் பாய்ந்து போய்க்கொண்டிருந்தார். குதிரை நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. மாம்பெத் நிற்கவில்லை.

"ஏம்ப்பா தொக்தோசுன், உம்மேல நான் என்னைக்காவது கல்லு விட்டெறிஞ்சிருக்கேனா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்தார்.

கடைசிப் பாடத்தில் மட்டும் என் மனுஷன் தேறினார். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, 'ம்ம்ம்ம்' என்று மெல்ல விட வேண்டும். மூச்சை மறந்துவிடுவார் என்று நானே ஒரு வழி சொன்னேன். மூச்சை இழுக்கும்போது இரண்டு கையும் மேலே ஏறட்டும், 'ம்ம்ம்' விடும்போது முகத்துக்கு முன்னால் மெல்ல இறங்கட்டும். கைதான் மூச்சுக்குக் கடிவாளம். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

விருந்து நாள். மண்டபத்தில் இருநூற்றைம்பது பேர். இறைச்சி பரிமாறியாகிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா இருபது நிமிடம் முழங்கிவிட்டு உட்கார்ந்தார், ஜன்னல் கண்ணாடி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. இவரைக் கூப்பிட்டார்கள். விருந்து நடத்தும் உலான் மைக்கை இவர் வாயருகே பிடித்தான்.

இவர் உள்ளங்கைகளை விரித்தார். மண்டபமே உள்ளங்கையை விரித்தது. ஜாங்கில் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் என்னைத் தேடினார். 'மூச்சு' என்று வாயசைத்தேன்.

கைகள் ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மைக்கில் 'ம்ம்ம்ம்' என்று கணீரென்று ஒலித்தது. முப்பது வருடத்தில் அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை. கைகள் முகத்தின் வழியாக அழகாகக் கீழே இறங்கின.

"ஓமீன்!" என்று இருநூற்றைம்பது பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. வாழ்த்தியவர் கையால் முகத்தைத் தடவினால் வாழ்த்து முடிந்தது, ஆமீன் என்கிற மாதிரி 'ஓமீன்' சொல்ல வேண்டும் என்று எங்களில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் பத்து நாளாகத் தெரியாமல் போயிருக்கிறது.

"இதைவிடச் சுருக்கமா யாராலயும் வாழ்த்த முடியாது! பாட்டைப் போடுங்கப்பா!" என்றான் உலான். மாப்பிள்ளையின் மாமா அதற்குள் ஆட இறங்கிவிட்டார்.

இவர் அசையாமல் நின்றார். எனக்கு அழுகையாக வந்தது, என்மேலேயே ஆத்திரமாகவும் வந்தது.

ஜாங்கில் மட்டும் விரித்த கையை இறக்கவில்லை.

"தங்கச்சி, கையை இறக்கும்மா. முடிஞ்சுது" என்றான் உலான்.

"எனக்கு முடியலண்ணே. எங்கத்தா இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. பாட்டை நிறுத்துங்க."

பாட்டு நின்றது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கையை விரித்தார். பின்னாலேயே எல்லோரும் விரித்தார்கள். ஆடப் போன மாமாவும் நின்ற இடத்திலேயே விரித்தார். உலான் பதற்றத்தில் மைக்கைத் தூக்கவே மறந்துபோனான்.

இவர் மூச்சும் இழுக்கவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. காலருக்குப் பேசும் அதே குரலில்தான் பேசினார். இரைச்சல் ஓய்ந்திருந்ததால் கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

"மகளே, அங்க பசிச்சா கேளு. குளிருச்சுன்னா சொல்லு. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சத்தமாச் சொல்லு. என்னை மாதிரி எல்லாத்தையும் முழுங்கிட்டு உக்காந்திராத. நீ ஒரு குரல் குடுத்தா நான் வந்து நிப்பேன். அவ்வளவுதான்."

"கேட்டுச்சு அத்தா!" என்று ஜாங்கில் கத்தினாள். அப்படியே என் தொண்டை. மாப்பிள்ளையின் அம்மா திடுக்கிட்டு மகனைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் இவர் முகத்தைத் தடவிக்கொண்டார், நாங்களும் ஓமீன் சொன்னோம்.