ஐந்தாவது அளவு

மரக் கடைசல்காரரின் காதில் அந்தச் செய்தியை முதலில் போட்டது எதிர்க்கடைத் தையல்காரம்மாதான். மேசைக்கால் ஒன்றுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம், நூல் வாங்கப் போகிற வழியில் சும்மா நின்றது போல வந்து நின்றாள்.

"என்னண்ணே, வீட்டுல புதுசா கேக் எதுவும் செய்யறீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அண்ணி வாரத்துல மூணு நாள் ஜெல்லி கடைக்குப் போறாங்களே, அச்சு வாங்கத்தான் போறாங்கன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பற்ற வைத்துவிட்டுப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெல்லி என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர். நாலு கடை தள்ளி, சிலிக்கோனைக் கலக்கி ஊற்றி, கேக் அச்சும் சோப்பு அச்சும் செய்கிறவன். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. அழுகிற ஆளைக்கூட இரண்டு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவான். கடைசல்காரருக்கு ஐம்பது. அவர் பேசினால் சிரிக்கிற ஆளும் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். கேக் செய்கிற பொறுமையெல்லாம் அவளுக்குக் கிடையாது.

மறுநாள் மத்தியானம், பசை இரவல் கேட்கிற சாக்கில் ஜெல்லி கடைக்குப் போனார். ஜெல்லி டீ வாங்கப் போயிருந்தான். மேசையில் ஒரு தாள் கிடந்தது. அதில் இருந்தது மனைவியின் கையெழுத்து. பென்சிலால் ஒரு படம், அதன் கீழே ஐந்து வரிசை அளவுகள்: நீளம், சுற்றளவு, அடிப்பாகம். 'அடிப்பாகம் அகலம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

முப்பது வருஷமாக வரைபடம் பார்த்தே பிழைக்கிறவர். அது பெண்கள் அந்தரங்கத்துக்கு வைத்துக்கொள்கிற சாமான் என்று புரிய அவருக்கு இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. டீயோடு திரும்பிய ஜெல்லி, "வாங்கண்ணே!" என்றதற்கு, "ஒண்ணுமில்ல" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

எது அதிகம் சுட்டது என்று அவருக்கே பிடிபடவில்லை. பெண்டாட்டி அப்படி ஒரு பொருளைக் கேட்டதா, இன்னொருத்தனிடம் கேட்டதா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தன்னிடம் ஒரு கரண்டிக் காம்புகூட அவள் கடைந்து தரச் சொன்னதில்லை. அவனிடம் போய்ப் படம் வரைந்து கொடுத்திருக்கிறாள்!

அன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "அந்த ஜெல்லி இருக்கானே, சரியான ஆளு" என்று தானாகச் சிரித்தாள். கடைசல்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கிற வாய் அவருக்கு இல்லை. கைதான் உண்டு. பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, பத்து வருஷமாகப் பத்திரப்படுத்தியிருந்த கருமரத் துண்டு ஒன்றை எடுத்துக் கடைந்தார். தாளில் பார்த்த முதல் அளவு மனசில் அப்படியே பதிந்திருந்தது. மூன்று நாள் இழைத்து, ஏழு பூச்சு வார்னிஷ் கொடுத்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஜெல்லியின் ஏழு பரம்பரைக்கும் இப்படி ஒன்று வராது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறை மேசையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் அதைத் துணியோடு வைத்தார். பிரித்துப் பார்த்தவளின் கையில் நகவெட்டி அப்படியே நின்றது.

"என்னங்க இது?"

"உனக்குத் தெரியாததா? உன் கையெழுத்துல இருந்த அளவுதான்."

அவள் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் நர்ஸின் முகம் வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா இது உடம்புக்குள்ள போற சாமான் இல்ல."

"ஏன், ஜெல்லி செஞ்சாத்தான் போகுமோ?"

அவள் எழுந்து, பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். கொதி வந்ததும் அதை உள்ளே போட்டாள். பத்து நிமிஷத்தில் வார்னிஷ் பால் போல வெளுத்து, ஓரத்தில் உரிந்தது. இடுக்கியால் எடுத்து வைத்ததும், ஆறும்போது மெல்லிய கீறல் ஒன்று நீளவாட்டில் விட்டது.

"பாத்தீங்களா? இந்தக் கீறல்ல கிருமி போய் உக்காந்தா எந்த சோப்புக்கும் வராது. உரியற வார்னிஷ் எங்க போகும்? உள்ளதான். அடிப்பாகத்தை ஏன் இவ்ளோ சின்னதா விட்டீங்க?"

"அகலமா இருந்தா அழகு கெடுமேன்னு..."

"அழகு! அடி அகலமா இல்லாத சாமான் வழுக்கி உள்ள போயிடுச்சுன்னா எடுக்கறது யாரு? நாங்கதான். போன மாசம் ஒரு டீச்சரம்மா வந்தாங்க. தலை வாரற பிரஷ்ஷோட காம்பு, உள்ளயே பாதியில உடைஞ்சிருக்கு. வெக்கப்பட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. வந்தப்ப ஜுரம் அனலா கொதிக்குது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர்'ங்கறாங்க. உசுரு போயிடுமோன்னு நாங்க பதறறோம், அவங்களுக்கு அந்தக் கவலை."

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் உடை மாற்றுகிற அறையில் அவள் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாள். கூட இருந்தவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தனியே வந்தார்கள். ஒருத்தி வாங்கிய ரப்பர் சாமான் நாறியது, தோல் தடித்துவிட்டது. இன்னொருத்திக்குக் கடையில் கேட்கவே கூச்சம். பேக்கரிக்காரர்கள் சூடான அடுப்பில் வைக்கிற நல்ல சிலிக்கோனைப் பற்றி அவள் விசாரித்தாள். துளை இல்லாதது, கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ணலாம், வாசனை இல்லை. அதை ஊற்றத் தெரிந்தவன் தெருவிலேயே இருந்தான்.

"இதையெல்லாம் அவன்கிட்ட உக்காந்து பேசியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல" என்றார்.

"அவன்கிட்ட பேசறது சுலபம். அவன் என்ன, என் புருஷனா?"

அவர் கீறல் விட்ட கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னும் சுட்டது.

"எத்தனை பேருக்குச் செய்யற?"

"எங்க வார்டுல நாலு பேரு."

"தாள்ல அஞ்சு அளவு இருந்துச்சு."

அவள் நகவெட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"அஞ்சாவது எனக்கு."

அவளே மேலே சொன்னாள். "ரெண்டு வருஷமா வலிக்குதுங்க. அசதி, அசதின்னு சொல்லிச் சமாளிச்சேன். மாதவிலக்கு நின்னா சில பேருக்கு இப்படி ஆகுமாம். சின்ன அளவுல ஆரம்பிச்சு, மெல்லப் பழக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அது ஒண்ணு." நகவெட்டியை மேசையில் வைத்தாள். "எனக்கே எனக்குன்னு ஒண்ணு வேணும்னும் தோணுச்சு. அதையும் மறைக்க விரும்பல."

கடைசல்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய், கதவைத் திறக்காமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெல்லி மேல் பட்ட பொறாமைக்காவது ஒரு முகம் இருந்தது. சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். இன்னும் கண்ணில்கூடப் படாத ஒரு சிலிக்கோன் துண்டிடம் போய் என்ன கேட்பது? அதைவிட அவரை அறுத்தது வேறு. வலிக்கிறது என்பது ஒரு டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தெரியவில்லை. அவள் 'அசதி' என்றபோதெல்லாம் இவர் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தானே!

திங்கட்கிழமை காலையில் ஜெல்லியே பட்டறைக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, அண்ணி உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாமே, இனி நீங்கதான் காப்பாத்தணும். நான் களிமண்ணுல மாதிரி செஞ்சு, அதுல அச்சு எடுக்கறேன். கைரேகை முதக்கொண்டு சிலிக்கோன்ல அப்படியே விழுது. ஒரு கோடு, ஒரு மேடு தெரிஞ்சாப் போதும், அண்ணி தூக்கிப் போட்டுடறாங்க. இதோட ஆறு தடவை! அந்த இடத்துல கிழிக்குமாம்."

"வாரத்துல மூணு நாள் வந்தது அதுக்கா?"

"திட்டறதுக்குத்தாண்ணே வந்தாங்க! கடைஞ்சு எடுத்த மாதிரி மழமழன்னு வேணுமாம். அப்ப அண்ணன்கிட்டயே கேளுங்களேன்னேன். வேணாம், அவர் மனசு சங்கடப்படும்னாங்க."

கடைசல்காரருக்கு உள்ளுக்குள் ஐஸ் வைத்தது போல இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "நாளைக்கு வா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பென்சிலும் தாளுமாக மனைவி எதிரில் உட்கார்ந்தார். நாலு அளவையும் மளமளவென்று வரைந்தார். ஐந்தாவதற்கு வந்ததும் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது... இந்தத் தடிமன் சரியா?"

"இன்னும் மெலிசா."

"நுனி?"

"நல்லா உருட்டி விடுங்க. முனையா இருக்கக் கூடாது."

"எதுவரைக்கும் வலிக்கும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பென்சிலை வாங்கி, படத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். மூன்று தாள் கிழிந்தது. இருவரும் இவ்வளவு நேரம் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கடைந்தது ஐந்து மர மாதிரிகள், எல்லாவற்றுக்கும் தட்டு போல அகலமான அடி. பூச்சில்லாத வெறும் மரம் பட்டால் சிலிக்கோன் சரியாக இறுகாது என்று ஜெல்லி சொன்னதால், துளி இடம் விடாமல் மேலே பூச்சு போட்டுக் கொடுத்தார். ஜெல்லி அச்சு எடுத்து வார்த்தான். மனைவி விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இந்தத் தடவை எதுவும் திரும்பிப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து, "எல்லாரும் ஜெல்லியைத்தான் புகழ்றாங்க" என்றாள்.

"மாதிரி கடைஞ்சது யாருன்னு சொல்லலையா?"

"சொல்லட்டுமா? எங்க வீட்டுக்காரர்தான்னு வார்டு முழுக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம் தாயே!"

ஐந்தாவதை அவரே பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, வெள்ளைத் துண்டில் ஆறவிட்டார். மத்தியானம் அவள் இரவு வேலைத் தூக்கம் முடிந்து எழுந்ததும், தண்ணீர்ப் பசை போன்ற வழவழப்பு மருந்துக் குழாயோடு சேர்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார். சிலிக்கோனுக்கு எண்ணெய் வேண்டாம், சிலிக்கோன் கலந்த வழவழப்பும் வேண்டாம், தண்ணீர்ப் பசைதான் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனசு என்னவோ கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"வெளியில நின்னு என்ன காவல் காக்கறீங்க? உள்ள வாங்க."

"நான் எதுக்கு? அதான் அது இருக்கே."

"பொறாமையா?"

"ஆமா."

உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. "சரி, பொறாமைப்பட்டுக்கிட்டே வாங்க."