தள்ளுபடி ஆகாத வட்டி

மக்கள் நீதிமன்ற நோட்டீஸ் வந்த நாளிலிருந்து சோலையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. "அது கேஸ் இல்லப்பா, பேசி முடிக்கத்தான் கூப்பிடுறாங்க" என்று இலக்கியா எத்தனை தடவை சொன்னாலும், அவர் காதில் விழுந்தது கோர்ட்டு என்ற ஒரு சொல்தான். மகளின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர்.

சனிக்கிழமை காலை ஆவுடையார்கோவிலில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, இருவரும் புதுக்கோட்டை வந்து சேர்ந்தபோது நீதிமன்ற வளாகம் நிரம்பி வழிந்தது. இலக்கியா வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் அன்றைக்குச் சம்பளம் பிடித்துவிடுவார்கள். அந்த எரிச்சலோடுதான் வந்திருந்தாள்.

இன்ஜினியரிங் படிக்க அவள் வாங்கியது இரண்டு லட்சத்து அறுபதாயிரம். வேலை கிடைத்ததும் இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கல்விக்கடன் தள்ளுபடி என்றார்கள். "கட்டாத ஆத்தா. கட்டுனவுகளுக்கு ஒண்ணும் கெடைக்காதாம், கட்டாதவுகளுக்குத்தானாம்" என்றார் அப்பா. அவளும் கட்டுவதை நிறுத்தினாள். தள்ளுபடி வரவில்லை. வட்டி மட்டும் ஒரு மாசம்கூடத் தவறாமல் வந்தது. இப்போது நோட்டீஸில் இருந்த தொகை நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

வங்கிக்காரர்கள் வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்ட அதிகாரியின் பெயர் ரகுநாத். முப்பது வயதுதான் இருக்கும். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"மூணு லட்சம் கட்டிருங்க. மூணு மாசம் டைம். இன்னைக்கு முப்பதாயிரம். மிச்சத்தை நாங்க விட்டுர்றோம்."

"சரிங்க சார்" என்று சோலையப்பன் பேனாவுக்குக் கை நீட்டினார். மடியில் பணத்தை முடிந்துகொண்டுதான் வந்திருந்தார். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இருங்கப்பா" என்றாள் இலக்கியா. "சார், நான் படிச்ச நாலு வருஷத்துக்கும் அதுக்கு அடுத்த ஒரு வருஷத்துக்கும் வட்டியைக் கவர்மெண்டே கட்டும்னு லோன் வாங்குறப்ப சொன்னாங்க. வருமானச் சான்றிதழ்கூடக் குடுத்தோம். இந்தக் கணக்குல அந்த வட்டியும் சேர்ந்துல்ல இருக்கு?"

ரகுநாத் கணினியைத் தட்டினார். நெடுநேரம் தட்டினார்.

"வட்டி மானியத்துக்கு க்ளெய்ம் போகலைங்க. பிராஞ்ச்ல அப்லோட் பண்ணலைபோல."

"ஏன் பண்ணலை?"

"அப்ப இருந்த மேனேஜர் மாறிப் போயிட்டாருங்க. நான் வந்தே எட்டு மாசம்தான் ஆகுது."

"இப்பப் போட முடியுமா?"

"அந்த வருஷத்துக்கு போர்டல் மூடியாச்சு."

வருமானச் சான்றிதழ் கொடுத்ததற்கு வாங்கிய, வங்கி முத்திரை விழுந்த ரசீதை இலக்கியா பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு இருபதாயிரம் கொறைக்கச் சொல்லிப் பார்க்குறேன். முடிச்சுக்கங்க மேடம்."

"முடிச்சா சிபில் ரெக்கார்டுல என்ன போடுவீங்க?"

"செட்டில்டுன்னு வரும்."

"முழுசாக் கட்டி மூடினதா வராதா?"

"வராதுங்க. அடுத்த லோன் கெடைக்கிறது கொஞ்சம் கஷ்டம்தான்."

உள்ளே நீதிபதி அம்மாள் ரசீதைப் பார்த்தார், வங்கியைக் கடிந்துகொள்ளவும் செய்தார். ஆனால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் இங்கே முடிக்க முடியும், வங்கியின் தவறை விசாரிக்க இது இடமில்லை என்று சொல்லிவிட்டார். "சம்மதம் இல்லைன்னா கையெழுத்துப் போட வேண்டாம்மா. வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்க."

இலக்கியா கையெழுத்துப் போடவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை சோலையப்பன் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும், தள்ளிப் போய் உட்கார்ந்தார். அறந்தாங்கியில் இறங்கியதும் வெடித்தார். "ஒண்ணரை லட்சத்த விட்டுர்றோம்னாங்க. அதையும் வேணாம்னுட்டு வாரியே. ஒனக்கு என்ன திமிரு?"

"அவங்க செஞ்ச தப்புக்கு நான் ஏம்ப்பா கடன் ஏமாத்துனவள்னு பேரு வாங்கணும்?"

"கட்டலைதானே நாம?"

கட்டாதே என்றது யார் என்று கேட்க நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கேட்டிருந்தாலும் தன் மேல் இருந்த கோபம் குறைந்திருக்காது.

குறைதீர்ப்பாளருக்கு எழுதினாள். முதலில் வங்கிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்று மனு திரும்பி வந்தது. வங்கிக்கு எழுதினாள், பதிலே வரவில்லை. முப்பத்தோராம் நாள் மறுபடி மனுப் போட்டாள். வருமானச் சான்றிதழின் நகல் கேட்டார்கள். தாலுகா ஆபீசில் பழைய பதிவு இல்லை என்றார்கள். நான்கு முறை அலைந்தபின் ஒரு கட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

ஏழு மாதம் கழித்துக் குறைதீர்ப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. தவறு கிளையுடையது, அந்த ஐந்து வருஷ வட்டியையும் அதன் மேல் ஏறிய வட்டியையும் சேர்த்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்தைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்றிருந்தது. மீதியை முழுசாகக் கட்ட வேண்டும். வங்கி ஆறு வருஷத் தவணை போட்டுக் கொடுத்தது. முடிக்கும்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதாகியிருக்கும்.

சோலையப்பன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா இதைவிடக் கம்மியாத்தானே முடிஞ்சிருக்கும்?"

"ஆமாப்பா."

மறுநாள் அவர் முதல் தவணைப் பணத்தைத் தானே கட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் வெயிலில் வேர்த்து வழியத் திரும்பி வந்து, பணத்தை அவள் கையில் கொடுத்தார்.

"சர்வர் இல்லையாம். நாளைக்கி வரச் சொல்றாய்ங்க."

இலக்கியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "குடுங்க, நான் போன்லயே கட்டிர்றேன்" என்றாள்.